இதிலை இரு, வாறன்

வண்டி நின்ற இடத்தோடு தெருவும் முடிந்தது. தெரு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். விடிந்ததிலிருந்து அவர்கள் வந்தது வெறும் சக்கரத் தடத்தில். தயாளினி கதவைத் திறந்து இறங்கினாள். எதிரே மலை நின்றது. மரம் இல்லை, புல் இல்லை, ஒரு குருவிகூட இல்லை. அடியிலிருந்து உச்சிவரை கறுத்த கல். சாரதி இயந்திரத்தை நிறுத்தியதும் தன் காதுக்குள் இரத்தம் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவ்வளவு அமைதி.

மொரோக்கோவின் தெற்கு மூலை அது. அல்ஜீரிய எல்லை அந்த மலைக்குப் பின்னால் எங்கோ கிடந்தது.

“தனியாகவா, மதாம்?” என்று சாரதி மறுபடியும் கேட்டான். புறப்பட்டதிலிருந்து அவனுக்கு இதே கேள்விதான்.

“தனியாகத்தான்” என்றாள். அவளுடைய பிரெஞ்சு, பாரிஸை ஒட்டிய திரான்சியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே பழகிய பிரெஞ்சு. அலங்காரம் இல்லாவிட்டாலும் எதிரே நிற்பவரின் வாயை அடைக்கப் போதும்.

நடப்பது அவளுக்குப் புதிது அல்ல. கூட வேலை செய்யும் மதலேன்தான் அவளை இந்தப் பழக்கத்தில் இழுத்துவிட்டவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் முதுகுப்பையோடு காடு மேடு என்று போய்விடுவார்கள். பாரிஸில் நம் சனத்தின் கடைத்தெருவான லா ஷப்பலில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. “ஏன் பிள்ளை, மெற்றோவுக்கு ரிக்கற் இல்லையோ?” என்று மரக்கறிக் கடையில் கேட்பார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நம் சனத்தில் பாதிப்பேர் காட்டையும் பனியையும் கால்நடையாகக் கடந்துதான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்த பிறகும் ஒருத்தி விருப்பத்துக்கு நடக்கிறாள் என்றால் அவளுக்கு விசர் என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் இந்த மலைக்குத் தயாளினி விருப்பத்துக்கு வரவில்லை. கோபத்துக்கு வந்தாள்.

கோபத்தின் பெயர் வரதராசா.

லா ஷப்பலில் வரதராசாவைத் தெரியாதவர் இல்லை. ரயில் நிலையத்துக்கும் பாலத்துக்கும் நடுவே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கலியாண வீடு என்றால் முன்வரிசைக் கதிரை அவருக்கு. தேர் ஓடுகிற நாளில் கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, வேர்த்து வருகிற சனத்துக்குத் தன் கையாலேயே மோர் வார்ப்பார். அந்தக் கையைக் கும்பிட்டு வாங்கிக் குடித்தவர்களில் தயாளினியும் ஒருத்தி. 

கடை வைப்பதற்கு முன் அவர், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்குக் கொண்டுவரும் ஏஜென்சியின் ஆள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்ததால், ஆபிரிக்காவுக்குப் பறந்து போய் அங்கே காத்துக் கிடக்கிறவர்களைப் பாலைவனத்தின் வழியாகக் கூட்டி வருவது அவர் வேலை. யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டின் கடைசியில் தயாளினியின் தம்பி தனோஜன் அப்படித்தான் புறப்பட்டான். வன்னியில் கடைசிவரை நின்று, முள்வேலி முகாமில் கிடந்து, உயிரோடு வெளியே வந்த பிள்ளை. பாலைவனத்துக்குள் நுழைந்தவன் பாரிஸுக்கு வந்து சேரவில்லை.

“அவன் வழியிலை வேறை ஆக்களோடை சேர்ந்து போட்டான், தங்கச்சி. ஸ்பெயினுக்குப் போற ஆக்கள். நான் மறிச்சுப் பாத்தனான், கேக்கேல்லை” என்றார் வரதராசா.

அவள் நம்பினாள். திரான்சி வீட்டில் அம்மா சாரதாதேவி அதைவிட உறுதியாக நம்பினாள். வருடங்கள் போயின, ஒரு தொலைபேசி அழைப்பு வரவில்லை. ஐயரைக் கேட்டு ஒரு அந்திரட்டிக் கிரியையாவது செய்வோம் என்று யாராவது வாயெடுத்தால் அம்மா எழுந்து நின்று சண்டை பிடிப்பாள். “உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் அந்திரட்டி செய்வினமோ?” என்பாள். அவனுக்கென்று வாங்கிய கட்டிலில் கிழமைக்கு ஒருமுறை துணி மாற்றுவாள்.

ஒன்பது வருடம் கழித்து, லா கூர்னெவ் ரயில் மேடையில் ஒருவன் தயாளினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மிதுசன் என்று பெயர் சொன்னான். அங்கே ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். தனோஜனோடு அதே குழுவில் வந்தவன்.

“அக்கா, அவன் ஒரு இடமும் போகேல்லை. மலை ஏறேக்கை அவன்ரை கால் பிரண்டு போச்சு. நடக்கேலாது. வரதராசா அண்ணை அவனை ஒரு கல்லிலை இருத்தினவர். ‘இதிலை இரு, வாறன்’ எண்டு சொன்னவர். பிறகு எங்களைத் திரும்பிப் பாக்காமல் நடவுங்கோ எண்டவர்.”

“பிறகு அவர் திரும்பிப் போனவரோ?”

“இல்லை, அக்கா” என்றான் மிதுசன். பிறகு தொலைபேசியில் வரைபடத்தை விரித்து, தாங்கள் இறங்கி ஒளிந்திருந்த கிராமத்தைக் காட்டினான். அந்தப் பெயரை அவன் மறக்கவில்லை. அதற்கு மேலே கறுப்பாகக் கிடந்தது மலை.

ஷெல்லுக்குத் தப்பின பிள்ளை ஒரு சொல்லுக்குத் தப்பவில்லை. அன்றிலிருந்து தயாளினிக்குச் சோறு இறங்கவில்லை. உடனே போய் வரதராசாவின் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் அவர் இன்னொரு பொய் சொல்வார். சபை முழுக்க அவர் பக்கம் நிற்கும். கையில் ஏதாவது வேண்டும். எலும்போ, துணியோ, தம்பி இருந்த இடத்திலிருந்து எதையாவது கொண்டுபோய் அந்தக் கடை மேசையில் போட வேண்டும். அந்த வாயாலேயே உண்மையைச் சொல்ல வைக்க வேண்டும். அம்மா அந்தக் கட்டிலை மடித்து வைக்க வேண்டும். இதற்குத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள்.

“மேலே கணவாயில் தங்காதீர்கள், மதாம்” என்றான் சாரதி. “ஏறுங்கள், படம் எடுங்கள், இறங்கி வந்துவிடுங்கள். உச்சி வெயிலில் அங்கே நிற்க வேண்டாம். நான் பொழுது சாயும்வரை இங்கேதான் இருப்பேன்.”

“ஏன் நிற்கக் கூடாது?”

“ஆட்டுக்காரர்கள் அங்கே போவதில்லை.” அவன் காலால் ஒரு கல்லைத் தட்டினான். “பழைய கதை இல்லை. என் தகப்பன் காலத்தில் அந்த இடத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. இப்போது சில வருடமாகத்தான் ஒரு பெயர் சொல்கிறார்கள்.”

“என்ன பெயர்?”

“வாறன்.”

அவள் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் நழுவிக் கல்லில் விழுந்து உருண்டது.

“அது அரபுச் சொல்லா?” என்று கேட்டாள். 

“இல்லை. எங்கள் மலைப் பாஷையும் இல்லை. அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. வெயில் உச்சிக்கு வந்தால் அந்த இடம் அப்படிச் சொல்கிறதாம். வாறன், வாறன் என்று. அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.” அவன் குனிந்து போத்தலை எடுத்துக் கொடுத்தான். “உங்களுக்குத் தெரியுமா?”

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

ஏற ஏற வெயில் மேலிருந்து மட்டும் வரவில்லை, கல்லிலிருந்தும் வந்தது. காலடியில் தகடு தகடாக உடைந்த பாறை. ஒவ்வொரு அடிக்கும் அது ஓட்டுத் துண்டு நொறுங்குகிற சத்தம் போட்டது. அவள் நின்றால் சத்தமும் நின்றது. அவள் நடந்தாள், வரதராசாவைத் திட்டிக்கொண்டே நடந்தாள். நாசமாய்ப் போவான், கட்டையில் போவான், பெற்ற வயிறு எரிய வைத்தவன் உருப்படுவானா என்று ஊரில் கேட்டிருந்த அத்தனை வசவுகளையும் வரிசையாக எடுத்துவிட்டாள். திட்டுவதற்கு ஆள் இருந்தால் களைப்புத் தெரியாது. பயமும் தெரியாது.

பேய்க்கு இரவுதான் பொழுது என்பது மின்விளக்கு வந்த பிறகு வந்த நினைப்பு. நம் ஆட்களுக்கு உச்சிப்பொழுதும் பயந்த பொழுதுதான். நிழல் காலடிக்குள் ஒடுங்குகிற அந்த நேரத்தில் குமர்ப்பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். பாரிஸில் வெயிலே அருமையாகிவிட்டதால் தயாளினி அதையெல்லாம் மறந்துபோயிருந்தாள். கணவாய் கண்ணுக்குத் தெரிந்தபோது தன் காலைக் குனிந்து பார்த்தாள். நிழலைக் காணவில்லை. சப்பாத்துக்கு அடியில் போய்விட்டது.

அப்போதுதான் அந்த மணம் வந்தது.

சித்தாலேப மணம். கால் பிரண்டால், கழுத்துச் சுளுக்கினால், தடிமன் பிடித்தால் நம் வீடுகளில் பூசுகிற அதே தைலம். ஒரு இலைகூட முளைக்காத மலையில், அவள் மூக்குக்கு நேரே, இப்போதுதான் யாரோ டப்பாவைத் திறந்த மாதிரி.

அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் அரைவட்டமாக ஒரு கல்மதில். ஆட்டுக்காரன் கட்டியது அல்ல; ஆட்டுக்காரனுக்குக் கல் அடுக்கத் தெரியும். இது தெரியாத கை, உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டியதை எல்லாம் இழுத்து இழுத்து அடுக்கியது. உள்ளே எதிரெதிராக இரண்டு தட்டைக் கற்கள். ஒன்று தான் இருக்க. மற்றது வருகிறவர் இருக்க.

எலும்பு இல்லை. துணி இல்லை. ஒரு இடதுகால் ரப்பர்ச் செருப்பு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் துருப்பிடித்த சின்னத் தகர டப்பா. எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அடித்தகரம் தெரிய நகத்தால் வழித்திருந்தது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் அழப் பார்த்தாள். அழுகை வாய்க்குள் வந்து நின்றது.

ஏனென்றால் அந்த நிலம் கூட்டியிருந்தது.

சுற்றிலும் மணலும் சல்லியும் மூடிக் கிடக்க, மதிலுக்கு உள்ளே மட்டும் துப்புரவாக, கையால் தள்ளித் தள்ளிச் சுத்தம் செய்த கோடுகள் தெரிந்தன. ஒன்பது வருடக் காற்று அடித்த மலையில் அந்தக் கோடுகள் இன்று காலையில் போட்டவை போல இருந்தன.

“வாறன் எண்டவர்.”

குரல் பின்னால் இருந்து வந்தது. வறண்ட குரல். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட குரல்.

அவள் திரும்பினாள். யாரும் இல்லை.

“வாறன் எண்டவர். அண்ணை.”

ஆட்டுக்காரர்களுக்கு முதல் சொல் மட்டும்தான் பிடிபட்டிருக்கிறது. மீதி அவர்களுக்குக் காற்று. இவ்வளவு காலமாக ஒரு பிள்ளை இந்த வெயிலில் சொல்லிக்கொண்டிருந்தது என்னவென்று கேட்டு விளங்கிக்கொண்ட முதல் ஆள் அவள்தான்.

“தனோ?” என்றாள். “தனோ, நான் அக்கா. அக்கா வந்திருக்கிறன்.”

“தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டவர்.”

அப்போது அவள் நிழலைக் கண்டாள். உச்சி வெயிலில், எந்தக் கல்லுக்கும் நிழல் இல்லாத நேரத்தில், ஒரு தட்டைக் கல்லிலிருந்து நீண்டு கிடந்தது அது. பொழுது படுகிற நேரத்து நிழல். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, கன்னத்தில் கை வைத்திருக்கிற ஒரு ஆளின் நிழல். கல்லின் மேல் ஆள் இல்லை.

அவனை இருத்திவிட்டுப் போனது பின்னேரமாக இருக்க வேண்டும். அவனுக்கு இன்னும் அந்தப் பின்னேரம் முடியவில்லை.

அவள் போத்தலைத் திறந்து நிழலின் தலைமாட்டில் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் கல்லில் விழுந்தது. விழுந்த இடம் நனையவில்லை. இன்னும் ஊற்றினாள். மற்றப் போத்தலையும் எடுத்தாள். இறங்குவதற்குத் தனக்கு வேண்டும் என்று நினைத்துப் பார்க்காமல் அதையும் கவிழ்த்தாள். ஒரு சொட்டு ஈரமும் தெரியவில்லை.

“தண்ணி” என்றது குரல்.

“முடிஞ்சுது, தம்பி. கீழை இருக்கு, வண்டியிலை இருக்கு. எழும்பு. என்னோடை வா.”

“அண்ணை இதிலை இருக்கச் சொன்னவர்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் பயம் அறுந்து கோபம் வந்தது. கடவுளே, செத்த பிறகும் மரியாதை. செத்த பிறகும் அந்த நாய்க்கு ‘அவர்’.

“என்ன அண்ணை? எந்த அண்ணை? அவன் வரமாட்டானடா! உன்னை விட்டிட்டுப் போட்டான். ஏமாத்திப் போட்டான். வாறன் எண்டது பொய்!”

மலை அவள் கத்தியதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பொய், பொய், பொய்.

நிழல் கன்னத்திலிருந்து கையை எடுத்தது.

மேலே எங்கோ ஒரு கல் அசைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கணவாயின் இரு பக்கமும் ஓட்டுத் துண்டுப் பாறைகள் சரசரவென்று இறங்கத் தொடங்கின. சின்னதும் பெரிதுமாக அவள் காலைச் சுற்றி விழுந்தன. ஒன்று முழங்காலில் அடித்து அவளை மண்டியிட வைத்தது.

“அவர் வாறன் எண்டவர்!”

இப்போது அது வறண்ட குரல் அல்ல. இவ்வளவு காலமும் ஒரு நம்பிக்கையில் உட்கார்ந்திருந்தவனிடம் அந்த நம்பிக்கையைப் பிடுங்க வந்தவளைப் பார்த்துக் கத்துகிற குரல். தயாளினி எழுந்தாள். டப்பாவைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினாள். ஓடும்போது, எந்த வீட்டுப் படி இறங்கினாலும் வாயில் வருகிற அதே சொல், நினைக்காமலே வந்து விழுந்தது.

“வாறன், தம்பி!”

கற்கள் நின்றன.

ஒரே நொடியில், உருண்டுகொண்டிருந்தது உருண்ட இடத்தில், நின்றுவிட்டன. மலை முழுவதும் பழைய அமைதி. தம்பிக்குக் கடைசியில் அக்காவை அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். நெஞ்சில் ஒரு குளிர்ச்சிகூட வந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். அடிவாரத்தில் சாரதி அவளை வண்டிக்குள் தூக்கிப் போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றினான்.  வண்டியை வந்த வழியே திருப்பினான்.

மறுநாள் விமானத்தில் வந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. காலில் மலைத் தூசியோடு, வீங்கின முழங்காலோடு, கார் து நோர் நிலையத்தில் இறங்கி நேரே லா ஷப்பலுக்கு நடந்தாள். பாரிஸில் மழை மூடிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். வரதராசாவின் கடையில் இருக்க இடம் இல்லை. கொத்துரொட்டித் தகட்டின் சத்தம் தெருவுக்கே கேட்டது.

“எங்கை தங்கச்சி, இப்பிடிக் கறுத்துப் போனியள்?” என்று வரதராசா கல்லாவிலிருந்தே சிரித்தார். “வக்கான்ஸ் லீவோ?”

அவள் டப்பாவை அவர் முன்னால் வைத்தாள்.

“என்ன பிள்ளை இது?”

“மணந்து பாருங்கோ.”

அவர் முகர்ந்து பார்க்கவில்லை. சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வழி தெரியாமல் போய்விட்டது.

“அந்த மலையிலை இருந்தது. என்ரை தம்பியை இருத்தின கல்லடியிலை இருந்தது. என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள் அவனுக்கு?”

“மெல்லமாக் கதையுங்கோ. ஆக்கள் சாப்பிடுகினம்.”

“சாப்பிடட்டும். கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும். ஸ்பெயினுக்குப் போனவன் எண்டு என்ரை அம்மாவுக்குச் சொன்னனீங்களே, இப்ப சொல்லுங்கோ. அவனுக்கு என்ன சொன்னனீங்கள்?”

கொத்துரொட்டித் தகடு நின்றது. சாப்பாடு பரிமாறுகிற கஜனி, கையில் சொதிச் சட்டியோடு அப்படியே நின்றாள். வரதராசா சுற்றிப் பார்த்தார். மறுத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் குரலை உயர்த்தினார். குற்றவாளிக்கு எப்போதும் குரல் பெரிது.

“வாறன் எண்டு சொன்னனான். ஓம், சொன்னனான். அதுக்கென்ன? போகேக்கை வேறை என்னத்தைச் சொல்லுறது? போறன் எண்டோ சொல்லுறது? நீங்கள் சொல்லுவியளோ? இந்தக் கடையாலை வெளிக்கிடுற ஒவ்வொருத்தனும் வாறன் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போறான். எல்லாரும் திரும்பி வருகினமோ? அது ஒரு மரியாதைச் சொல்லு, தங்கச்சி. அவன் அதைப் பிடிச்சுக்கொண்டு இருந்தால் நான் என்ன செய்யிறது?”

தயாளினி உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தாள். தண்ணீர்க் கோப்பைகள் துள்ளின.

“அவன் நம்பினவன்! கால் ஏலாமல், நாக்கு வறள, உங்களை அண்ணை எண்டு நம்பிக்கொண்டு இருந்தவன். தேருக்கு மோர் ஊத்துற கையாலை ஒரு மிடறு தண்ணி குடுத்திட்டு வந்தனீங்களோ?”

வரதராசா துவாயை எடுத்துத் தோளில் போட்டார். “எனக்கு உள்ளை வேலை கிடக்கு” என்று திரும்பினார். “வாறன்.”

“எப்ப, அண்ணை?”

கடைக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்டது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். மூலை மேசையின் பக்கம் இருந்து வந்தது. அந்தக் கதிரை காலியாக இருந்தது.

கறி மணத்தையும் எண்ணெய் மணத்தையும் தள்ளிக்கொண்டு சித்தாலேப மணம் எழுந்தது.

வரதராசா குசினி வாசலில் ஒரு காலை வைத்தபடி நின்றார். அவர் கண் தரையில் இருந்தது. வெளியே மழை, உள்ளே வெள்ளை விளக்கு. ஆனால் மூலைக் கதிரையிலிருந்து அவர் காலடி வரைக்கும் நீண்டு கிடந்தது ஒரு பின்னேரத்து நிழல்.

“எப்ப, அண்ணை?”

“தம்பி…” என்றார். வாய் கோணியது. “தண்ணி எடுத்துக்கொண்டு வரத்தான் நினைச்சனான். இறங்கிப்போய்… வாகனக்காரன் அவசரப்படுத்தி…”

நிழல் கன்னத்திலிருந்து கையை எடுத்தது.

“இல்லை, இல்லை! பொய். பொய், தம்பி. நான் வர நினைக்கேல்லை. ஒரு ஆளுக்காக எல்லாரும் பிடிபடுவம் எண்டு… நீ அதிலை இருப்பாய் எண்டு தெரியும். நான் சொன்னால் இருப்பாய் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்.” அவர் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தார். ஒரு கால் நீட்டியபடி கிடந்தது. மற்றக் காலை மடக்கிக்கொண்டார். “செத்திருப்பாய் எண்டு எனக்குத் தெரியும். எல்லாக் காலமும் தெரியும்.”

யாரும் அவரைத் தூக்கப் போகவில்லை. மூலை மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் தன் தட்டை மெல்ல நகர்த்திவிட்டு எழுந்தார்.

தயாளினி வரதராசாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. சபை முழுக்கக் கேட்டது. இனி வீட்டுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துச் சொல்லலாம். ஐயரிடம் போகலாம். அந்தக் கட்டிலை இரண்டு பேருமாக மடிக்கலாம். இவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்த நெருப்பு அவிந்தது. முழங்கால் வலி இப்போதுதான் தெரிந்தது.

டப்பாவை வரதராசாவின் முன்னாலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். மழைக்காற்று முகத்தில் அடித்தது.

“அக்கா,” கஜனி சொதிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். “வெளிக்கிட்டியளோ?”

“ஓம், பிள்ளை” என்றாள் தயாளினி. “வாறன்.”

பின்னால் கதிரை ஒன்று மெல்லப் பின்னுக்கு இழுபட்டது.

மலையில் கற்கள் ஏன் நின்றன என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது; அங்கேயும் அவள் இதே சொல்லைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஒரு கால் கடைக்குள், ஒரு கால் மழைக்குள். சித்தாலேப மணம் அவள் தோளருகே வந்து நின்றது. மலையில் எவ்வளவு கெஞ்சியும் வாயெடுத்துக் கூப்பிடாத அந்தச் சொல்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிற அதே ஆசையோடு, குரல் இப்போது அவள் காதுக்குள் கூப்பிட்டது.

“எப்ப, அக்கா?”